பிரிக்காத பெட்டிகளுக்கு என் கையெழுத்து

அரசு நிதியில் நடந்த கணினிச் சிப் தயாரிப்புத் தொழிற்பயிற்சி மையத்தைச் சோதிக்கப் போனேன். இயந்திரங்கள் பெட்டிகூடப் பிரிக்காமல் கிடந்தன. பார்த்தும், பயிற்சி நன்றாக நடப்பதாகக் கையெழுத்திட்டேன்.

பிறகு ஒருநாள் கம்பம்–தேனி பேருந்தில், அந்த மையத்தின் பையோடு ஒரு பெண்ணும் அவள் தாயும் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"சிப் கம்பெனி இன்டர்வியூவுல தூசி படாத டிரஸ்ஸப் போடச் சொன்னாகம்மா. பூட்ஸ மொதல்ல மாட்டிட்டேன். தலையில இருந்து ஆரம்பிக்கணுமாம். சிரிச்சாக."

"ஏன்டி, சொல்லிக் குடுக்கலையா?"

"படத்துலதான் காட்டுனாக."

"ஓடைப்பட்டியில திராட்சைக்குக் கவாத்து வெட்டப் பழக்குனாக்கூட, கத்தரியக் கையில குடுத்துத்தான பழக்குறோம்! எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்ட ஆபீசருக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

வீட்டுக்கு வந்து, பொய்யாகக் கையெழுத்திட்டதை அரசுக்கு எழுதினேன். விசாரணை நடந்தது. மையம் இன்றும் இயங்குகிறது. அங்கே படித்தவர்களின் சான்றிதழ்களைத்தான் ரத்து செய்தார்கள்.