பெரும்பாலோர் மிச்சம் வைக்கிறார்கள்

...அந்த ஆணி ஓட்டையத்தானே பாக்குறீங்க தம்பி? பாருங்க, நல்லாப் பாருங்க. எங்க வீட்டுக்காரரோட மூளை தொங்கிக்கிட்டிருந்த எடம் அது! அலெக்சாண்டர்னு பேரு... கல்லாவுல ஒண்ணும் தெரியாத பச்சப்புள்ள மாதிரி உக்காந்திருக்காரே, அவரேதான்.

நீங்க சாப்புடுங்க. நான் பாட்டுக்குப் பேசுவேன்.

வாழையிலைச் சாப்பாடுன்னா சோறு கொஞ்சம் மிச்சமாகத்தான்லா செய்யும்? இவருக்குப் பொறுக்கல. பெருசா ஒரு போர்டு மாட்டுனாரு. 'இங்கு சாப்பிடுவோரில் பெரும்பாலோர் சோற்றை வீணாக்குகிறார்கள். இது நியாயமா?' வாசகம் யாரு சொன்னதா? அத விடுங்க... ரசம் ஊத்தவா?

சனங்க வெக்கப்படும்னு பாத்தா, 'அட, எல்லாரும்தான் வைக்கிறாங்களாமே!'ன்னு நிம்மதியா ஒதுக்க ஆரம்பிச்சிடுச்சு! குப்பைத் தொட்டி மூடி மூட மாட்டேங்குது.

நம்ம ரமணன்... இங்க சிராங்கூன் ரோட்டுல ஒரு கட்டடத்துல செக்யூரிட்டி. ஈசூன்ல வாடகை ரூம்ல தனியா இருக்காரு. மனுஷன் வயித்துக்கு ஒழுங்கா சாப்புடறதே மத்தியானம் இங்கதான். மூணு தடவ சோறு வாங்குவாரு. எந்திரிச்சா இலையில கறிவேப்பிலைகூட இருக்காது. அவரே ஒரு நாள் பாதிச் சோத்த ஒதுக்கி வச்சாரு. "என்ன ரமணன், சாம்பார்ல உப்பு கூடிப்போச்சா?"ன்னேன்.

"இல்ல அல்போன்சாக்கா... எல்லாரும் மிச்சம் வைக்கிறாங்கன்னு போட்டிருக்கீங்களே. நான் மட்டும்தான் இத்தன நாளா காணாதத கண்ட மாதிரி தின்னிருக்கேன்"ன்னாரு.

மாதாவே! எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் மறுசோறே கேக்கறதில்ல. ஒரு நாள் டியூட்டியில மயங்கி விழுந்துட்டாரு. டாக்டரம்மா கேட்டாங்களாம், "டயட்ல இருக்கீங்களா?"ன்னு. டயட்டாம்! ஆமா, எங்க வீட்டுக்காரர் ஆணியடிச்சு மாட்டுன டயட்! நான் சோத்தக் கட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கிட்டுப் போயி, தலமாட்டுலயே நின்னு சாப்புட வச்சேன். கண்ணு கலங்கிடுச்சு... அவருக்கில்ல, எனக்கு.

உடனே எங்க ஐயா திருந்திட்டாரு. எப்படிங்கிறீங்க? இன்னொரு போர்டு! 'இங்கு பெரும்பாலோர் இலையைச் சுத்தமாகச் சாப்பிடுகிறார்கள்.' அந்த வாசகம்... சரி, அதுவும் நாந்தான் சொன்னேன். அதுக்கென்ன இப்போ? ரமணனுக்கு வயிறு நெறஞ்சுச்சா இல்லியா?

ஆனா எங்க சர்ச்சுக்கு வர்ற மிரண்டான்னு ஒருத்தி இருக்காளே, கோழி கொத்துற மாதிரி சாப்புடறவ... மிச்சம் வைக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, தயிர்சோத்த டிஷ்யூல சுத்தி ஹேண்ட்பேக்ல போட்டுக்கிட்டுப் போயிட்டா! பிடோக் போற பஸ்ஸுல அது கசிஞ்சு, பக்கத்துல உக்காந்த சீனக் கிழவர் பேன்ட்டெல்லாம் மோரு! இப்ப என் போன எடுக்கறதேயில்ல.

அதான் கழட்டிக் கடாசியாச்சு. போர்டுக்கு என்ன தெரியும், மூஞ்சியப் பாத்துப் பேசத் தெரியுமா? இப்ப நானே ஒவ்வொரு மேசையா வந்து, பக்குவமா, ரெண்டே வார்த்த...

என்ன தம்பி, இலைய மடிக்கிறீங்க? பாதிச் சோறு அப்படியே இருக்கே! பாயசம் வருதுலா... தம்பி! தம்பீ!

போயிட்டாரு.

ஏங்க, நீங்க ஏன் அங்க தலையில அடிச்சுக்கிறீங்க?... என்னது, நானா? சாப்புடுங்கன்னுதானேங்க சொன்னேன்!