ஐஸ் தொட்டி யாருடைய பொறுப்பு

செப்டம்பர் 4, வியாழன்.

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். ஹெல்மெட்டுகளில் ஒட்ட 74 என்ற எண் போட்ட ஸ்டிக்கர்களை வரவழைத்ததில் ஒன்று குறைந்துவிட்டது. விளையாடும் பையன்களின் தலைகளை மட்டும் எண்ணினேன். யாரும் போட்டுக்கொள்ளப் போகாத ஹெல்மெட் ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவில்லை. அது ரீகோ சலினாஸினுடையது. நாளைய ஆட்டத்துக்கு முன்பு மைதானத்தின் நடுவில் வைத்து அதை அவனுடைய அம்மாவிடம் கொடுக்கப்போகிறோம். அவன் எண்ணைக் கொண்ட ஸ்டிக்கர் அவன் ஹெல்மெட்டிலேயே இல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

அன்றைய தவறை முதலில் எழுத வேண்டும் என்பது மாலை வகுப்பில் ஹாஸ்கெட் அம்மையார் வைத்திருக்கும் விதி. பள்ளி முதல்வர் ஆவதற்கான படிப்பு அது. ஆளுக்கொரு பணியிடத்தைத் திருத்தி அமைத்து, அது எப்படி நடக்கிறது என்று நாட்குறிப்பில் எழுதிவர வேண்டும். நான் எங்கள் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர்களை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு விளக்குக் கம்பங்களின் கீழ் பையன்கள் மோதி விழுவதைப் பார்க்க ஊரே வருகிறது. களத்துக்கு வெளியே நடக்கும் வேலையை யாரும் பார்ப்பதில்லை. வியர்வைச் சட்டைகளைத் துவைக்க வேண்டும், புல்லில் வெள்ளைக் கோடு அடிக்க வேண்டும், பேருந்துக்குச் சொல்ல வேண்டும், ஆட்டத்துக்கு முந்தைய நாள் அணிக்குத் தரும் வியாழன் விருந்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கணக்கில் தேறாத பையன் ஆட முடியாது என்பதால் அதையும் கவனிக்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் டுவேன் ப்ரூயிட் இவற்றையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்த விதம் எளிமையானது. அறையை விட்டுப் போகும்போது, "யாராவது பாத்துக்கங்கப்பா" என்பார். அந்த யாராவது நான்தான். பயிற்சியாளர்கள் ஐந்து பேரில் வயதில் இளையவன்.

போன வருடம் ஒரு சிவப்புத் துண்டோடு சேர்த்து வெள்ளைச் சட்டைகளைத் துவைத்துவிட்டேன். அணி ஒரு வாரம் ரோஸ் நிறத்தில் பயிற்சி செய்தது. முன்வரிசைப் பையன்களுக்குப் பயிற்சி தரும் ஹாலிஸ் கேரிட்டி அன்று எனக்கு 'ரோஸ் கோச்' என்று பெயர் வைத்தார். சட்டைகள் மறுசலவையில் வெளுத்துவிட்டன. பெயர் வெளுக்கவில்லை. இதை வருத்தத்தோடு எழுதவில்லை. பின்னணி தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஒரு வேலைக்கு ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு என்றார் ஹாஸ்கெட். ஒப்படைத்த பிறகு அதைத் திரும்ப வாங்கக் கூடாது, அந்த ஆள் தவறினால் அதன் பலனை அவரே உணர வேண்டும், நடுவில் புகுந்து காப்பாற்றும் மேலாளர் இரண்டு பேரைக் கெடுக்கிறார் என்றார். நான் இதை அடிக்கோடிட்டுக்கொண்டேன். ஆகஸ்ட் தொடக்கத்தில் பயிற்சியாளர் அறையில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, ஒவ்வொரு வேலைக்கும் நேராகப் பெயர் எழுதிய காந்தத்தை வைத்தேன். ப்ரூயிட் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, என் பேரக் காணோமே, ரொம்ப நல்லாருக்கு" என்றார்.

ஐஸ் தொட்டி முதலில் என்னிடம்தான் இருந்தது. ஆகஸ்ட் வெயிலில் கவசம் மாட்டிக்கொண்டு ஓடுகிற பையன் சூடேறி விழுந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் அவனைக் கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். அதற்காகத் தினமும் பயிற்சிக்கு முன்னால் களத்தோரம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய தகரத் தொட்டியை நிரப்பி வைப்போம். தினமும் நிரப்பி, யாரும் விழாமல், தினமும் கவிழ்த்துவிடுவோம். ரீகோ பெரிய உடம்புக்காரன், முன்வரிசையில் ஆடுபவன். பயிற்சி முடிந்ததும் தொட்டியருகே வந்து நிற்பான்.

"கோச், எப்படியும் கீழதான ஊத்தப் போறீங்க. ஒரே ஒரு முங்கு முங்கிக்கிறேனே."

அது அவசரத்துக்கு மட்டும் என்று சொல்லிவிடுவேன். ஒருவனுக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டிவரும். அந்த முடிவு சரியானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

தொட்டியை நிரப்பிவிட்டு மாலை வகுப்புக்குப் போனால் சட்டை ஈரத்தோடு உட்கார வேண்டியிருந்தது. அதனால் கேரிட்டியின் காந்தத்தை அந்த வரிக்கு நகர்த்தினேன். அவருடைய பையன்கள்தான் அதிகம் சூடேறுவார்கள். அவர் பலகையைப் பார்த்துச் சிரித்தார். "ஐஸ் அள்ளிப் போட ஒரு காலேஜ் படிப்பா? சரி விடு, பிரின்சிபால் ஐயா உத்தரவு" என்றார்.

சாவிகளை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். வேலைக்குரியவரே என்னிடம் நேரில் வந்து ஐஸ் அறைச் சாவியைக் கேட்டு வாங்க வேண்டும் என்று விதி வைத்தேன். சில நாள் கேட்டார். "ரோஸ் கோச், சாவி" என்று பையன்கள் முன்னால் கை நீட்டினார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

முதல் நாள் தொட்டி காலியாக இருந்ததைப் பார்த்தேன். உள்ளே வெட்டுக்கிளிகள் கிடந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் பார்த்தேன். நடுவில் புகக் கூடாது என்ற பாடத்தை நினைத்துக்கொண்டேன். அது எனக்கு எளிதாக இருக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மூன்றாம் நாள், புல்வெளியில் கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று வந்து பார்க்கும்படி ப்ரூயிட்டைக் கேட்டேன். அந்தக் கோடு தொட்டியை ஒட்டிப் போகிறது. காலித் தொட்டியைப் பார்த்து அவர் எல்லோர் முன்னாலும் கேரிட்டியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். யாருக்கும் தீங்கு வர வேண்டும் என்று நான் விரும்பவில்லை. ஒரு திட்டு விழ வேண்டும் என்றுதான் விரும்பினேன்.

ப்ரூயிட் வருவதற்கு முன்னால் ரீகோ விழுந்துவிட்டான்.

எதிர்ப்பக்க வேலியோரம் நின்றிருந்தேன். பையன்கள் வட்டமாகக் கூடியதைப் பார்த்தேன். கேரிட்டி தொட்டியை நோக்கி ஓடினார். பிறகு ஐஸ் அறைக்கு ஓடிக் கதவைத் தோளால் இடித்தார். அது இரும்புக் கதவு. பிறகு திரும்பி, மைதானத்தின் முழு நீளத்துக்கும் என்னை நோக்கி ஓடி வந்தார். வயதானவர், முழங்கால் சரியில்லாதவர், மெதுவாகத்தான் வந்தார். நான் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றி உள்ளங்கையில் தயாராக வைத்திருந்தேன். எதிரே போய்க் கொடுத்திருக்கலாமா என்று பிறகு யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் விதி. அவரால் பேச முடியவில்லை, மூச்சு வாங்கியது. "சாவி" என்று அவர் சொல்லும்வரை காத்திருந்தேன்.

ரீகோ மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தான்.

மாவட்டப் பள்ளி நிர்வாகத்திலிருந்து விசாரிக்க வந்தவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். தொட்டி யாருடைய பொறுப்பு என்று. பலகையைக் காட்டினேன். இவ்வளவு தெளிவான ஏற்பாட்டை எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை என்று அவர்களில் ஒருவர் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். தொட்டி காலியாக இருந்தது யாருக்காவது முன்பே தெரியுமா என்று கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

கேரிட்டியை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். தன் அலமாரியைக் காலி செய்யும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ தெனமும் அந்தப் பக்கமாத்தானடா வருவே. காலியா கெடந்தத நீ பாத்திருப்பே."

"அது உங்க வேலை, கோச்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு என்னை ரோஸ் கோச் என்று யாரும் கூப்பிடவில்லை.

இன்று வியாழன் விருந்துக்கு ரீகோவின் அம்மா யோலாண்டா வந்திருந்தார். அழைத்தது நான்தான். சோள மாவில் கறி பொதிந்து அவித்த தமாலேயை ஒரு பெரிய பானை நிறையச் செய்து எடுத்து வந்து, பையன்களுக்குத் தன் கையாலேயே பரிமாறினார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார். வேலியோரம் என்றேன். அது உண்மை.

"அவன் வீட்டுக்கு வந்தா ஒங்களப் பத்தித்தான் சொல்லுவான். 'அந்த கோச் என்னைய ஐஸ் தண்ணில எறங்கவே விடமாட்டாரும்மா, ரொம்ப கண்டிப்பு'ன்னு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு அந்தத் தொட்டி ஒங்ககிட்ட இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான்."

ஆமாம் என்று சொன்னேன். அதை மறுப்பதற்கு ஒன்றுமில்லை. என் முறை சரி, அதில் அமர்த்திய ஆள்தான் சரியில்லை என்பதை அவரே சொன்னதாக எடுத்துக்கொண்டேன். இதை ஹாஸ்கெட் அம்மையாருக்கான அறிக்கையில் எழுதலாமா என்று யோசிக்கிறேன். கொஞ்சம் தற்பெருமையாகத் தோன்றக்கூடும்.

அந்த மூன்று நாளும் சாவி என் கழுத்தில்தான் இருந்தது. ஐஸ் அறை நிறைய ஐஸ் இருந்தது. தொட்டி காலி என்று எனக்குத் தெரியும். நிரப்ப அரை மணி போதும். நான் நிரப்பவில்லை. எதையும் மறைக்கவில்லை என்பதற்காக இதையும் எழுதிவைக்கிறேன்.

கேரிட்டி போனதால் அவர் காந்தத்தைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். ஐஸ் தொட்டி மறுபடி என்னிடம் வந்திருக்கிறது. வெயில் இன்னும் குறையவில்லை.

நாளை செய்ய வேண்டியது: காலையில் ஸ்டிக்கர் கடைக்குப் போய் 74 ஒன்று வாங்க வேண்டும். மதியப் பயிற்சிக்கு முன்னால், தொட்டியை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.