கழற்றி வைத்த கார்டு

இரவு ஒன்றே கால். ஆஸ்பத்திரிக்குப் போகிற பின்பக்கச் சாலை. ஒரு பக்கம் நீளமாகச் சுற்றுச்சுவர், மறுபக்கம் காலி மனை. ஆள் நடமாட்டம் கிடையாது. ஒரே ஒரு ஸ்கூட்டர்... அதில் என் நண்பனுடைய மச்சான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்காருங்கள். அந்த டிஸ்க் காப்பியாகி முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். அப்புறம் பாத்ரூமுக்குத் துணைக்கு வா என்று என்னைக் கூப்பிடக் கூடாது.

மச்சானுக்கு அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. பட்டப்பெயர் 'இப்போதைக்கு'. எது கெட்டாலும், "இப்போதைக்கு ஓடட்டும் சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அந்த அப்புறம் வந்து யாரும் பார்த்ததில்லை. சோம்பேறி என்று சொல்ல முடியாது. கெட்டிக்காரர்... அதுதான் வினை.

வார்டில் படுக்கைக்கு ஒரு பொத்தான் தொங்கும். நோயாளி அழுத்தினால் அது அடித்தளத்து லினக்ஸ் சர்வர் வழியாகப் போய், நர்ஸ் மேசையில் மணி அடிக்கும், படுக்கை எண் எரியும். அந்த சர்வரின் நெட்வொர்க் கார்டு, அதாவது கேபிள் செருகுகிற உள்ளங்கையளவு பச்சைத் தகடு, அடிக்கடி படுத்துக்கொண்டது. படுக்கும்போதெல்லாம் இவர் போனுக்கு எச்சரிக்கை வரும். நீங்களோ நானோ என்றால் கார்டை மாற்றியிருப்போம். இவர் நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினார். கார்டு படுத்தால் அதைத் தானாக அணைத்து மறுபடி போட வேண்டும், 'சரி செய்யப்பட்டது' என்று லாக் என்கிற பதிவேட்டில் எழுத வேண்டும், இவரை எழுப்பக் கூடாது. எல்லோரும் மெச்சினார்கள்.

ஒரு செவ்வாய் இரவு கார்டு படுத்தது. எழவே இல்லை. ஸ்கிரிப்ட் மட்டும் சரி செய்யப்பட்டது, சரி செய்யப்பட்டது என்று மூன்று மணி நேரம் எழுதிக்கொண்டே இருந்தது. விடிகிற நேரத்தில்தான் கார்டு தானாக எழுந்துகொண்டது.

விடிந்து பார்த்தால் ஒன்பதாம் படுக்கைப் பெண்மணி இறந்து கிடந்தார். பொத்தான் கைக்குள் இருந்தது. மணி அடித்தும் போகாமல் தூங்கிவிட்டாள் என்று அன்றைய நர்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "சத்தியமா மணி அடிக்கல சார்" என்று அவள் அழுதிருக்கிறாள். சின்னப் பெண். யாரும் நம்பவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை. அதற்குள் கார்டை மாற்றிவிட்டு, ஸ்கிரிப்டையும் லாகையும் அழித்துவிட வேண்டும் என்றுதான் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். எனக்கு இப்போதும் அந்த ஆள் மேல் ஆத்திரமாக வருகிறது.

அடித்தளம். ஃபினாயில் நெடி. சூடேறிய தூசி வாசனை. சர்வரை அணைத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய கார்டை உருவி மேசையில் வைத்தார். புதியதைச் செருகி மறுபடி போட்டார். கேபிளை இன்னும் செருகவில்லை... சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

எந்தெந்த கார்டு இருக்கிறது என்று கேட்கிற கட்டளையை அடித்தார். ஒன்று காட்ட வேண்டும். இரண்டு காட்டியது.

"பழைய செட்டிங் மிச்சம் இருந்திருக்கும்ணே" என்கிறாயா? வாடா என் ராசா. பெயர் மிச்சமிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய கார்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்றது திரை. தொழிற்சாலையிலேயே கார்டில் பதிக்கிற நம்பர் இருக்கிறதே, உலகத்தில் இன்னொரு கார்டுக்கு வராது, அது திரையில் இருந்தது. மேசையில் கிடந்த கார்டின் ஸ்டிக்கரிலும் அதே நம்பர். அந்தப் பழைய கார்டுக்கு வந்து சேர்ந்த தகவல்களின் எண்ணிக்கை ஒன்று ஏறியது. கொஞ்சம் நின்று... இன்னொன்று.

பட்... பட்... நகம் பிளாஸ்டிக்கில் படுகிற சத்தம். திரும்பிப் பார்த்தார். மேசையில் கிடந்த கார்டின் பச்சை விளக்கு சத்தத்துக்குச் சத்தம் மினுக்கியது.

இன்டர்காம் அலறியது. மேலே இருந்த நர்ஸ்.

"சார், ஒன்பதாம் பெட் மணி நிக்கவே மாட்டேங்குது. அங்க யாருமே இல்ல சார்."

"பொத்தான் வயரைப் பிடுங்கிடும்மா."

"பிடுங்கிட்டேன் சார்... என் கையிலதான் இருக்கு."

மச்சானுக்கு என்ன தோன்றியதோ, அந்த சர்வரிலேயே உட்கார்ந்து பெரிய டாக்டருக்கு மெயிலில் கடிதம் அடித்தார். மணி அடிக்கவில்லை. தப்பு என்னுடையது. அந்தப் பெண் மேல் குற்றமில்லை. மூன்றே வரி. கீழே தன் பெயர்.

சத்தம் நின்றது. விளக்கும் அணைந்தது.

பயம் போனதும் புத்தி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், வேலை போனால் என்ன செய்வது? கடிதத்தை அனுப்பாமலே அழித்தார். ஸ்கிரிப்டை அழித்தார். லாகை அழித்தார். அதற்குப் பிறகுதான் கேபிளை எடுத்துப் புது கார்டில் செருகினார். மேலே போய் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தார். ஒன்பதைத் தவிர. போகிற வழியில் பழைய கார்டைக் காலி மனைப் பக்கம் வீசிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார்.

காலை ஒன்பது மணிக்கே பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். மச்சான் தலையைச் சீவிக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனார்.

"உட்காருங்க" என்றார் டாக்டர். "உங்க லெட்டர் வந்துச்சு. அந்தப் பொண்ணை வேலைக்கு வரச் சொல்லிட்டேன். உங்க வேலையைப் பத்தி இனிமேதான் முடிவு பண்ணணும். ஆனா தைரியமா எழுதினீங்க, அதுக்காகச் சொல்றேன்... நல்ல காரியம்."

பிரிண்ட் எடுத்த தாளை நகர்த்தினார். அதே மூன்று வரி. அனுப்பாமல் அழித்த கடிதம், அதுவும் கேபிளே இல்லாத சர்வரில் அடித்தது.

"கடைசி வரிதான் புரியல. என்ன இது?"

மச்சான் குனிந்து பார்த்தார். தன் பெயருக்குக் கீழே, தான் எழுதாத இன்னொரு வரி இருந்தது.

'தண்ணிதான் கேட்டேன்.'