அக்ஷயாவின் ஒற்றைச் சொல்

காந்திபுரத்தில் ஏறும்போதே ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் தொண்டாமுத்தூர் போய்ச் சேரும் தூரம் தெரியாது. பயிற்சிக்காக நான் விரும்பிப் போனது அங்கிருந்த அக்ஷயாவின் வீடு ஒன்றுக்குத்தான். மற்றபடி முதுகலைப் படிப்பு எனக்குச் சரவணம்பட்டிக் கல்லூரியும் விடுதி அறையுமாகவே கழிந்தது.

நான் படித்தது நடத்தைப் பகுப்பாய்வு. பேசாத, முகம் பார்க்காத குழந்தைகளிடம் ஒரு பழக்கத்தை எப்படி வளர்ப்பது, வேண்டாத ஒன்றை எப்படி நிறுத்துவது என்பதுதான் பாடம். அக்ஷயாவுக்கு ஆறு வயது. ஒரு சொல்லும் பேசியதில்லை. அவள் உதடு அசையும்போதெல்லாம் கடலைமிட்டாய்த் துணுக்கு கொடுத்து, அசைவை ஒலியாக்கினேன், ஒலியைச் சொல்லாக்கினேன். ஒரு நாள், தோப்புப் பக்கம் போன தாயைப் பார்த்து "அம்மா" என்றாள். கோமளா அக்கா தலையிலிருந்த புல்லுக்கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

பிறகு எனக்கு டெங்கு வந்தது. எனக்குப் பதிலாக என் அறைத்தோழி பூஜிதா போனாள். நான் எழுந்து நடமாடியபோது, அக்ஷயா அவளுடைய இறுதி ஆய்வுக்கான குழந்தையாகியிருந்தாள். பேச வைத்ததும் தான்தான் என்று பேராசிரியர் கிருபாசங்கரிடம் சொல்லியிருந்தாள். அவர் அதை நம்பினார்.

"ஏன் பூஜி இப்படிச் செஞ்சுபோட்டே?" என்று கேட்டேன்.

"உனக்கு வேற கொழந்த கிடைக்கும் பிரியா. எனக்கு இத உட்டா டிகிரி முடியாது" என்றாள். என் தட்டில் இருந்த இட்லியைப் பிட்டுத் தின்றபடியே சொன்னாள்.

நான் சண்டை போடவில்லை. பூஜிதா போகாத ஒரு நாளாகப் பார்த்துத் தொண்டாமுத்தூர் போனேன்.

"அக்கா, இனி பாப்பா கூப்பிட்டா திரும்பிப் பாக்காதீங்க. மடியில எடுக்காதீங்க. இது அடுத்த கட்டப் பயிற்சிங்க. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், பூஜிதாகிட்டயும்."

"பாவமுங்களே அம்மணி?"

"அப்பத்தான் நெறைய வார்த்த வருமுங்க."

பதில் கிடைக்காத பழக்கம் முதலில் ஓங்கும், பிறகு அணையும். பாடத்தில் உள்ளதுதான். அக்ஷயா தொண்டை கிழியக் கத்தினாள். தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள். சுவரில் நெற்றியை மோதிக்கொண்டாள். கோமளா அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நின்று அழுதார். நிறுத்திவிடலாமா என்று போனில் என்னிடம் கேட்டார், நான் தைரியம் சொன்னேன். அதன் பின் அந்த வீடு அமைதியாகிவிட்டது.

தேர்வாளர்கள் வந்தபோது அக்ஷயா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூஜிதா மிட்டாயை நீட்டினாள், கெஞ்சினாள். குழந்தையின் உதடுகூட அசையவில்லை. பூஜிதாவுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. நான் வேறொரு குழந்தையை வைத்து முடித்தேன், நல்ல மதிப்பெண்.

அந்தச் சொல்லை நான்தான் அழித்தேன். அதில் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. நான் கொடுத்தது, நானே எடுத்துக்கொண்டேன்.

என்னை விசாரணைக்கு அழைத்த உங்களிடம், இது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பட்டமளிப்பு நாளன்று கோமளா அக்கா எனக்காக ஒரு குலை இளநீரோடு கல்லூரிக்கு வந்தாராம். வாசலில் பேராசிரியரைப் பார்த்து, "ஏனுங்க சார், படிப்புத்தான் முடிஞ்சுதுங்களே, நான் இனிமேலாவது பாப்பாவத் திரும்பிப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டாராம்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவ்வளவு சொல்லியிருந்தேன். பூஜிதா செய்ததையாவது தாங்கிக்கொண்டேன். கோமளா அக்காவும் எனக்கு இப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவே இல்லை.