நாற்பத்திரண்டாவது பெயர்

நேற்று ராத்திரி யங்கோனா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தபோது, கப்பலில் வேலை பார்க்கும் ஜொசேவா சொன்னது. அவன் மைத்துனன் அபிசாய்க்கு நடந்தது.

அதிகாலை நாலு பத்து. நதோவி கப்பல் துறைக்குப் போகிற ரோடு... ஒரு விளக்கு கிடையாது. அபிசாய் தனியாக வண்டி ஓட்டுகிறான். பக்கத்து சீட்டில் அணைத்து மூடிய லேப்டாப்.

டிங்.

நெட்டும் இல்லை. வண்டிக்குள் உப்புத் தண்ணீரும் டீசலும் கலந்த நாற்றம்.

டிங்...

அபிசாய் ஒரு கப்பல் கம்பெனிக்கு டிக்கெட் தளம் செய்தவன். பயணி ஆன்லைனில் பணம் கட்டினால் 'கட்டியாச்சு' என்று ஒரு தகவல் வரும். அது வந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். பதில் போகும்வரை அதே விலாசத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். சோதித்துப் பார்க்க, அதைத் தன் லேப்டாப்புக்கு வரும்படி மாற்றியிருந்தான். வெள்ளிக்கிழமை ரக்பி பார்க்கப் போகிற அவசரம். பழையபடி மாற்றிவைக்க மறந்துவிட்டான்.

ராத்திரி வந்து பார்த்தால், அவன் போட்ட பொய்ப் பெயர்களுக்கு நடுவே அக்கனீசி என்று ஒரு பெண்ணின் பெயர். அதுவும் சோதனைதான் என்று எல்லாவற்றையும் சேர்த்து அழித்தான். பிறகுதான் விலாசத்தை மாற்றினான்.

விடிகாலை கிளம்பிய கப்பல் கவிழ்ந்தது. பட்டியலில் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு பேரையும் கடலிலிருந்து மீட்டுவிட்டார்கள். மதியமே தேடுவதை நிறுத்தினார்கள்.

அக்கனீசியின் தங்கை லிதியா துறையில் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். "அக்கா பணம் கட்டிட்டு ஏறிட்டேன்னு சொன்னா சார்."

"லிஸ்ட்ல இல்லம்மா. ஏறலன்னு அர்த்தம். எங்கயாவது போயிருப்பாங்க" என்றார் மேனேஜர்.

அபிசாய் அவரிடம் மட்டும் ஒப்புக்கொண்டான். "வாயத் திறந்த... முதல்ல உள்ள போறது நீதான். போய் வேலையப் பாரு" என்றார். மூடிக்கொண்டான்.

அன்றிலிருந்து தினமும் நாலு பத்துக்கு அந்தத் தகவல். அதே பெயர். எட்டு மாதம். லிதியாவுக்கு இறப்புச் சான்றிதழ்கூடக் கிடைக்கவில்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் அந்த அதிகாலை நதோவிக்குக் கிளம்பினான். லிதியா சனிக்கிழமைதோறும் துறைக்கு வந்து நிற்பாள்.

"நீ கம்ப்யூட்டர் தம்பிதானே? என்னடா இப்படி இளைச்சுட்ட. சாப்டியா?" அவித்த மரவள்ளியை நீட்டினாள்.

"சாப்டேன்க்கா."

அவ்வளவுதான் வந்தது வாயில்.

வண்டிக்குத் திரும்பி லேப்டாப்பைத் திறந்தான். தானாகவே எரிந்தது. கீபோர்டெல்லாம் ஈரம். 'கிடைத்தது' என்று பதில் அனுப்பினான். சத்தம் நின்றது. அப்புறம் வரவேயில்லை.

ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் பட்டியலின் கடைசியில் ஒரு அக்கனீசி. அழித்தாலும் வருகிறதாம்.

ஜொசேவா சிரட்டையைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு அக்கனீசி போன்ல பணம் கட்டுனதப் பாத்துட்டு 'ஏறுங்கக்கா'ன்னு விட்டது நான்தான். நானும் வாயத் திறக்கல. இப்பவும் ஏறுற தலைய எண்ணுறது நான்தான். லிஸ்ட்ல ஒரு பேர் அதிகமா இருந்தா, எண்ணுறப்போ தலை ஒண்ணு குறையணும் இல்ல?"

சிரட்டையை என் பக்கம் தள்ளினான்.

"குறைய மாட்டேங்குது மச்சான்."