வாய் திறந்தால் நாலு மார்க்

– வசந்தகுமாரி டீச்சர், இந்த மார்க் அட்டைல மூணு கட்டத்துல நாலுக்கு நாலு போட்டுக்கீறீங்கோ. இந்தக் கடைசிக் கட்டத்துல எம்பொண்ணு பத்மாவுக்கு முட்டை போட்டுக்கீறீங்களே, அது இன்னாத்துக்கு?

– கத்தாதீங்க அங்கம்மா, பக்கத்து வகுப்புல பாடம் நடக்கு. இது இஷ்டத்துக்குப் போட்ட மார்க் இல்ல, கேட்டீங்களா. பாடம் புரிஞ்சிருக்கா, செஞ்சு காட்டுதாளா, பிழையில்லாம எழுதுதாளா, வாயத் தொறந்து கேள்வி கேக்குதாளா. எதுக்கு எத்தனைன்னு மொத நாளே சுவத்துல ஒட்டிட்டேன். தானா எந்திரிச்சுக் கேட்டா நாலு, வாயே தொறக்கலன்னா முட்டை.

– எம்பொண்ணா வாய் தொறக்காது? அது ஊட்ல அஞ்சு நிமிட்டு வாய மூடிச்சுன்னா முருகனுக்குத் தேங்கா ஒடைப்பேன்! திருமுல்லைவாயில் டேசன்ல எறங்குனா ஊடு வர்றவரிக்கும் கேள்விதான். ரயிலு எப்டி வளையுது, ஏரி மீனு எப்ப தூங்கும்னு என் உயிர எடுக்கும்.

– வீட்டுல கேட்டதுக்கு நான் எப்படி மார்க் போட? வகுப்புல கேக்கணும்லா. ஆபீசருங்க குவார்ட்டர்ஸ் பிள்ளைங்களுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணுன்னா வச்சிருக்கேன்? எல்லாருக்கும் ஒரே அளவுதான்.

– ஒரே அளவு! இந்த அட்டையப் பாத்துட்டு அதோட நைனா இன்னா சொன்னாரு தெரியுமா? வாயில்லாத பொண்ணுக்குப் படிப்பு எதுக்கு, அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனில பட்டன் தைக்கட்டும்னுட்டாரு. பத்மாவும் சரின்னு பைய மூலைல கடாசிடுச்சு. எனக்கு வயிறு எரியுது டீச்சர். நான்தான் சித்தாளு வேலைல மண்ணு தூக்கிக்கினு கீறேன், அதுவுமா?

– ஐயோ, நல்லா படிக்குத பிள்ளைய ஏன் நிறுத்துதீங்க? நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. ஒரே ஒரு கேள்வி கேக்கட்டும், நானே முட்டைய அடிச்சுட்டு நாலு போடுதேன்.

– கேக்காது. ஒரு தபா கேட்டுச்சு, அதோட சரி.

– என் வகுப்புலயா? எனக்கு நெனவே இல்லியே.

– உங்களுக்கு எப்டி நெனப்பு வரும்? தண்ணி ஆவியா பூடும்னு பாடம் எடுத்தீங்களாம். இது எந்திரிச்சி, டீச்சர், அப்ப கடலு இன்னாத்துக்கு வத்தாம கீதுன்னு கேட்டுச்சாம்.

– நல்ல கேள்வில்லா அது! ஆங்... ஆமா, ஆமா. இந்தக் குவார்ட்டர்ஸ் பிள்ளைங்க 'கீது கீது'ன்னு சிரிச்சுதுங்க. நான் அன்னைக்கே அதட்டுனேன், கேட்டீங்களா.

– நீங்க 'நடக்கு, போடுதேன்'றீங்கோ. எங்காளுங்க யாருனா பல்லக் காட்னமா? உங்க ஊரு பேச்சு அப்டின்னு போய்க்கினே இருந்தோம்.

– சரிதான். ஆனா பிள்ளைங்க சிரிச்சதுக்கு நான் என்ன செய்ய முடியும் அங்கம்மா?

– பசங்க சிரிச்சத பத்மா அன்னிக்கே மறந்துடுச்சு டீச்சர். மொதல்ல சிரிச்சது நீங்களாம்.