ஏழாவது செய்முறை

டீச்சர் (மனதுக்குள்): மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கால அட்டவணையையே பார்த்துக்கொண்டிருப்போம். வியாழன், மூன்றாம் பீரியட், எட்டாம் வகுப்பு, உயிரியல் செய்முறை. நிமிர்ந்தால் அழுதுவிடுவேன். இந்த அறையில் அழுதால் அதையும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஹெச்.எம்: ...காதுல விழுதாம்மா? பதினொரு மணிக்கு விசாரணைக்கு வர்றாங்க. அதுக்குள்ள, வகுப்புல எந்தத் தப்பும் நடக்கலங்கற இந்தக் கடிதத்துல ஒரு கையெழுத்து, பிள்ளைங்களோட அந்த நோட்டுக் கட்டுல ஒரு திருத்தம். அவ்வளவுதான்.

டீச்சர்: என்ன திருத்தம் மேடம்?

ஹெச்.எம்: ஏழாவது செய்முறை. கன்னத்துச் செல்லுன்னு இருக்கறத வெங்காயத் தோல்னு மாத்திடுங்க. யாரும் யார் வாயையும் சுரண்டல. முடிஞ்சுது.

டீச்சர்: படம்?

ஹெச்.எம்: படத்துக்கு என்ன? செல்லுன்னா செல்லுதானே.

டீச்சர்: இல்ல மேடம். வெங்காயத்துக்குச் செல்சுவர் உண்டு. செங்கல் அடுக்கின மாதிரி இருக்கும். நம்ம கன்னத்துச் செல்லுக்குச் சுவரே கிடையாது. மெல்லிசா ஒரு சவ்வு, நடுவுல நீலப் பொட்டு மாதிரி உட்கரு, ஓரமெல்லாம் கோணல்மாணலா... பிள்ளைங்க பாத்ததத்தான் வரைஞ்சிருக்காங்க.

ஹெச்.எம்: எனக்குப் பாடம் நடத்தாதீங்க. நான் கணக்கு டீச்சரா இருந்தவ. வெங்காயம் வெட்டத் தெரியும், அது போதும். சிரிக்க வேண்டாம், நிமிர்ந்தாவது பாருங்க. சாப்பிடறீங்களா இல்லையா?

டீச்சர்: ஏன்-எதுக்கு கடைசி பெஞ்சுலதான் உக்காருவா...

ஹெச்.எம்: யாரு?

டீச்சர்: செத்துப்போனாளே, அவதான் மேடம். வகுப்புல அவளுக்கு அதுதான் பேரு. வாயத் திறந்தா ஏன், எதுக்கு. அன்னைக்கும் கேட்டா, "செல்லு தெரியுது, வைரஸ் மட்டும் ஏன் டீச்சர் தெரியல?"ன்னு.

ஹெச்.எம்: நீங்க என்ன சொன்னீங்க?

டீச்சர்: இந்த மைக்ரோஸ்கோப்பு நானூறு மடங்குதான் பெருசாக் காட்டும், வைரஸ் செல்லவிட ரொம்ப ரொம்பச் சின்னதுன்னேன். தனியா விட்டா சும்மா கிடக்கும், ஒரு செல்லுக்குள்ள நுழைஞ்சாத்தான் பெருகும்னேன். சொல்லிட்டே கன்னத்து உள்பக்கம் சுரண்டற கரண்டிய அவ கையில கொடுத்தேன்.

ஹெச்.எம்: மெதுவா... வெளியில ஆள் இருக்கு.

டீச்சர்: நாப்பது பொண்ணுங்களுக்கு நாலே நாலு சின்ன ஸ்டீல் கரண்டி. ஆளுக்கு ஒரு பல்குத்தும் குச்சி கேட்டிருந்தேன்...

ஹெச்.எம்: வரல. ஒத்துக்கறேன். அதுக்காகப் பள்ளி ஆய்வாளர் வந்து நிக்கும்போது வகுப்ப நிறுத்த முடியுமா?

டீச்சர்: நிறுத்தியிருக்கணும். ஒரு வாயில சுரண்டினத பீக்கர் தண்ணில முக்கி, துணியில துடைச்சு, அடுத்த வாய்க்கு... ஸ்பிரிட் விளக்கு பக்கத்துலயே எரிஞ்சிட்டிருந்துச்சு மேடம். தீயில காட்டி ஆறவச்சிருக்கலாம். ஆற நேரமில்லன்னு நெனச்சேன்.

ஹெச்.எம்: பொன்னுக்கு வீங்கி யாருக்குத்தான் வரல? பஸ்ல வந்திருக்கலாம், பக்கத்து வீட்டுல வந்திருக்கலாம். அந்தக் கரண்டியாலதான்னு உங்களால நிரூபிக்க முடியுமா?

டீச்சர்: முடியாது. அந்தக் கரண்டியால இல்லன்னும் நிரூபிக்க முடியாது. ஆனா அதே வரிசையில ஆறு பேருக்கு வந்துச்சு.

ஹெச்.எம்: அஞ்சு பேருக்கு ஒரு வாரத்துல வடிஞ்சுடுச்சே! இவளுக்கு மட்டும் மூளைக்குப் போகும்னு யாரு கண்டா?

டீச்சர்: முதல் பெஞ்சுப் பொண்ணு அன்னைக்கே கன்னம் வீங்கித்தான் வந்தா. பல்வலின்னு சொன்னா. பாத்தேன்... பாத்துட்டும் முதல்ல அவகிட்டதான் கொடுத்தேன். மேடம், அன்னைக்குக் காலையில அந்த முதல் பெஞ்சுப் பொண்ணோட அப்பா உங்களுக்கு ஃபோன் பண்ணாராமே?

ஹெச்.எம்: ...யாரு சொன்னா?

டீச்சர்: அவரே.

ஹெச்.எம்: லீவு கேட்டார். ஆய்வு அன்னைக்கு வருகை குறையக்கூடாதுன்னு... ஒரு நாள்தானே, அனுப்புங்கன்னேன். நானும் பல்லுன்னுதான் நெனச்சேன்மா. சத்தியமா.

டீச்சர்: தெரியும் மேடம்.

ஹெச்.எம்: அப்ப கையெழுத்துப் போடுங்க. உண்மையச் சொன்னா அவ எழுந்து வரப்போறாளா?

டீச்சர்: வரமாட்டா.

ஹெச்.எம்: உங்க வேலை போகும். என் மானம் போகும். படுத்த படுக்கையாக் கிடக்கற உங்க அம்மாவ யாரு பாப்பா? யோசிச்சீங்களா?

டீச்சர்: அவ போனதுலேர்ந்து பத்து நாளா அதத்தான் யோசிக்கறேன்.

ஹெச்.எம்: போதும். இந்தாங்க பேனா. நோட்டக் கொடுங்க, நானே மாத்திக்கறேன்... முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது... ஒண்ணு குறையுதே. அவளோடது எங்க?

டீச்சர்: இங்க இல்ல மேடம்.

ஹெச்.எம்: விளையாடாதீங்கம்மா. முக்கியமானதே அதுதான்.

டீச்சர்: நேத்து சாயந்திரம் அவங்க அம்மாகிட்ட கொடுத்துட்டேன். ஏழாவது செய்முறையத் திறந்து வச்சு, கரண்டி யார் வாயிலேர்ந்து எப்படி வந்துச்சுன்னு நானே சொல்லிட்டேன். அவங்க திட்டல. "இது எம்பொண்ணு வாய்க்குள்ள இருந்ததா?"ன்னு கேட்டு, அந்தப் படத்தையே விரலால தடவிட்டிருந்தாங்க. ஆமான்னேன்... பேனா வேண்டாம் மேடம். நான் போடல.